விட்ட பாரும் மூன்று ஆய்வாளர்களும்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. பரமக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு பைண்டிங் போடக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் டீ குடிக்கப் போனதும், நன்றியுரைப் பக்கத்தை மட்டும் திறந்து படித்துவிடுவேன். உள்ளே இருக்கிற அட்டவணையும் வரைபடமும் எனக்கெதற்கு? யாருக்கு எந்த வரிசையில் நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் ஒரு அரிப்பு, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரே பையில் மூன்று ஆய்வேடுகள் வந்தன. ஒரே விடுதி அறையில் இருக்கிற மூன்று பிள்ளைகளாம், பஸ் செலவு மிச்சம் என்று ஒருத்தி மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்று நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது பற்றி. ஒன்று முண்டு மிளகாய்ச் சந்தை பற்றி. ஒன்று ஒயிலாட்டம் பற்றி. அறிவியல், பொருளாதாரம், கலை. மூன்றிலும் வழிகாட்டிக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி, அப்பா அம்மாவுக்கு நன்றி, கடைசி வரியில் 'தகவல் தந்து உதவிய ஊர் மக்களுக்கு' நன்றி. மூன்று துறைக்கும் அந்தக் கடைசி வரி மட்டும் ஒரே அச்சு. பசையைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதன் நெடி மூக்கில் ஏறியதும் இன்னொரு நெடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஃபார்மலின் நெடி அது. தங்கச்சிமடம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஓட்டு வீடு. கூடம் பூராவும் கண்ணாடிப் புட்டிகள், புட்டிக்குள் கடல் பாசி. அந்த வீட்டில்தான் என் முதல் வேலை. சோற்றிலும் அந்த நெடி, தலையணையிலும் அந்த நெடி. இரண்டு வருஷம் அதிலேயே கிடந்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், ஏக்கம் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கடலிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஆனாலும் நாங்கள் காட்டுக்காரர்கள். மிளகாயும் நெல்லும் கண்மாயும்தான் தெரியும். பி.ஏ. முடிக்கும்வரை நான் கடலில் கால் நனைத்ததெல்லாம் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் போனபோதுதான். படித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தவனுக்கு, ஒரு பல்கலைக்கழகத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது. ஒரே குப்பத்தை அறிவியல் துறையும் பொருளாதாரத் துறையும் கலைத் துறையும் சேர்ந்து ஆராயப் போகின்றன, அவர்களுக்கு ஊரைப் பழக்கிவிட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் சொன்னபோது அய்யா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏலே, கடல்ல போயி என்னத்தப் படிக்கப் போறாக?"

"பாசியப் படிக்கிறாகய்யா."

"வெளங்கிரும்."

வந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. ஆனால் ஒரே வாரத்தில் குப்பத்துப் பெண்கள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கடலில் இறங்கிப் பாசியை அளந்த ரேவதி, பாசி மேடம். வீடு வீடாக நீளமான வினாத்தாளோடு போன பொருளாதாரத்துக்காரர், கேள்வி சார். சின்ன ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடு, சாவு வீடு எதையும் விடாத மூன்றாமவர், பாட்டு சார். அந்தப் பாட்டு சார் ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழாவுக்குப் போனவர் மூன்று நாள் திரும்பி வரவில்லை. எங்கேயோ தொலைந்துவிட்டார் என்று நாங்கள் பதறினால், மனுஷன் தொண்டை கட்டிக் குரலே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல மனுஷர்கள்தான் மூன்று பேரும். அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தக் குப்பத்துப் பெண்களுக்குப் பாசி எடுப்பதுதான் தொழில். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், நீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கடலில் இறங்குவார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கண்ணில் கண்ணாடி, துடுப்பு மாதிரி செருப்பில் தகரத் துண்டு, விரல் விரலாகத் துணிச் சுற்று. கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அதில் முளைத்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை வேர் போகாமல் கிள்ளி எடுத்து, கரையில் காயவைத்து வியாபாரிக்குப் போட வேண்டும். ஒன்று முக்கியம். யாரும் தனியாகக் கடலில் இறங்க மாட்டார்கள். இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான். ஒருத்தி முங்கினால் மற்றவள் மேலே இருப்பாள். ஜோடி கிடைக்காதவளுக்குக் கடல் கிடையாது.

பிலோமினா அக்காவின் ஜோடி புஷ்பம். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பாவாடை கட்டின காலத்திலிருந்து ஒன்றாக முங்குகிறவர்கள். பிலோமினா அக்காதான் அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி. வாய் என்றால் வாய். முதல் நாளே என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள். கண்மாயில் நீந்துவேன் என்றேன். கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவள் வீட்டில்தான் எனக்குச் சோறு. அதற்கப்புறம் இரண்டு வருஷமும் அவள் வீட்டில்தான் சோறு. புஷ்பம் அதிகம் பேச மாட்டாள். மீன் குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

விட்ட பாரைப் பற்றி எனக்கு முதலில் சொன்னது பிலோமினா அக்காதான். அந்தப் பெண்கள் ஒரே ஒரு பாரில் மட்டும் கை வைப்பதில்லை. புயல் அடித்தோ, மீன்பாடு இல்லாமலோ, குப்பமே பட்டினி கிடக்கிற வருஷம் வந்தால் மட்டும் அங்கே போகலாம். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள் எல்லோரும் வெறுங்கையோடு நீந்திப் போய் அதைப் பார்த்துவிட்டு, கரையிலிருக்கும் சின்னச் சிலுவைக் கோயிலான குருசடியில் வந்து நின்று இந்த வருஷமும் தொட மாட்டோம் என்று மாதாவிடம் சொல்லுவார்கள். இடம் எது என்று புருஷன்மார்களுக்குக்கூடத் தெரியாது. ஆம்பளைக்குத் தெரிந்தால் அன்றைக்கே வியாபாரிக்குத் தெரிந்துவிடும் என்பது அவர்கள் கட்சி.

"அப்ப எனக்கு ஏன்க்கா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நீ என்ன கண்டே? காட்டுக்காரப் பய. கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டாலும் திரும்பி வர வழி தெரியாது ஒனக்கு."

புஷ்பம்கூட அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இப்போது மூன்று துறையின் கதைக்கு வருகிறேன். பாட்டு சார் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பாசி காயப்போடும்போது பெண்கள் பாடுவது.

சிலுவை ஏறுது பனமேலே,
தொட்டி ஒளியுது தூணுக்குள்ளே,
ரெண்டும் கண்டவ சொல்லாதடி,
சின்னவ தூங்குறா எழுப்பாதடி.

பாட்டு சாருக்கு ஒரே சந்தோஷம். இது கடற்கரைத் தாலாட்டு, சின்னவ என்பது குழந்தை, சிலுவை பனையில் ஏறுவது சமயக் கலப்பு என்று ஒரு மணி நேரம் எங்களுக்கு விளக்கினார். நாங்களும் தலையாட்டினோம்.

கேள்வி சாருக்கு அதே நேரத்தில் வேறொரு தலைவலி. அவர் வினாத்தாளில் பெண்கள் கடலுக்குப் போன நாள், போன நேரம், திரும்பின நேரம் எல்லாம் எழுத வேண்டும். சாம்பல் புதனுக்கு மறுநாள் எல்லோரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள், ஒன்றரை மணி நேரத்தில் திரும்பியிருக்கிறார்கள், ஒருத்தியும் ஒரு கைப்பிடிப் பாசி கொண்டுவரவில்லை. "பொய் சொல்றாங்கப்பா, தரவே கெட்டுப்போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

பாசி மேடத்துக்கு வந்ததுதான் பெரிய சங்கடம். கை படாத பார் ஒன்று இருந்தால்தான், கை பட்ட பார்களை அதோடு ஒப்பிட முடியும். அவள் அளந்த பார் எல்லாமே கிள்ளப்பட்ட பார். ஒப்பிட ஒன்று கிடைக்காவிட்டால் இத்தனை நாள் செய்த வேலை வீண், பட்டம் கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். ஒரு நாள் சாயங்காலம் புட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதால் எனக்குத் தாங்காது. ஏன் தாங்காது என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, போதுமா?

விட்ட பார் ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பாட்டு சாரின் ரெக்கார்டரில் அந்தப் பாட்டை மறுபடி கேட்டபோது சட்டென்று உறைத்தது, அது தாலாட்டே இல்லை, எழுப்பாமல் தூங்கவிட்ட சின்னவ அந்தப் பார்தான். எங்கள் காட்டில் வரப்புத் தகராறு வந்தபோது அய்யா என்ன செய்தார்? பங்காளி இரவோடு இரவாகக் கல்லைப் பிடுங்கிவிட்டான். அய்யா அலட்டிக்கொள்ளவில்லை. வேப்பமரமும் கோயில் கலசமும் ஒன்றாகத் தெரிகிற கோட்டில் என்னை நடக்கவிட்டார். அந்தப் பக்கம் கிணற்றுத் தூணும் மச்சு வீடும் ஒன்றையொன்று மறைக்கிற கோட்டில் அவர் நடந்தார். இரண்டு பேரும் முட்டிக்கொண்ட இடம் கல் இருந்த இடம். மாதா கோயில் சிலுவை ஒற்றைப் பனையின் தலைக்கு மேல் நிற்கிற கோடு ஒன்று, தண்ணீர்த் தொட்டி பாலத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிகிற கோடு ஒன்று. கடலில் போய் வரப்புக் கல் தேடுவேன் என்று நான் என்ன கனவா கண்டேன்?

கரையில் ஒற்றைப் பனை இரண்டு இருந்தது. எது என்று தெரியவில்லை. கேள்வி சாரின் ஒன்றரை மணி நேரம் அதையும் சொல்லிவிட்டது. அந்த நேரத்துக்குள் போய்த் திரும்பக்கூடியது கிட்டத்துக் கோடுதான். கலைத் துறையிடம் பாதி, பொருளாதாரத் துறையிடம் பாதி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு அறிவியல் துறையின் கையில் கொடுத்தவன் நான். யாரும் என்னை மிரட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட நானே துள்ளிக்கொண்டு போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குப்பமே பூசையில் இருக்கும்போது, மண்டபம் ஊரிலிருந்து ஒரு ஃபைபர் படகை வரச் சொல்லிப் போனோம். சிலுவை பனையின் மேல் ஏறியது. தொட்டி தூணுக்குள் ஒளிந்தது. ரேவதி முங்கிவிட்டு மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அப்புறம், "இப்படி ஒரு பாரை நான் பார்த்ததே இல்லை" என்றாள். கையில் இருந்த ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். அப்போதே நான் சொன்னேன்.

"இடத்த மட்டும் எங்கயும் போடக்கூடாது மேடம்."

"எங்க அம்மா மேல சத்தியம். போடவே மாட்டேன்."

நம்பினேன். இன்றைக்கு யாராவது சத்தியம் பண்ணினால் எனக்குச் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு நம்பினேன்.

திட்டம் முடிந்து அறிக்கை வெளியீட்டு விழா ராமநாதபுரத்தில் நடந்தது. வழவழப்பான தாளில் தடியான புத்தகம். மூன்று துறையும் கைகோத்து நடந்த அரிய ஆய்வு என்று மேடையில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். மீன் வியாபாரிகள், பாசி வியாபாரிகள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள், ஆளுக்கொரு பிரதி. நான் முதலில் நன்றியுரையைத் தேடினேன். கடைசி வரியில் என் பெயர் இருந்தது. பூரித்துப் போய்ப் பக்கத்தைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் வண்ண வரைபடம். கடல் நீலம், கரை மஞ்சள், விட்ட பார் சிவப்புப் புள்ளி. கீழே எண்கள், எந்தப் படகுக்காரனும் கருவியில் அடித்தால் நேராகக் கொண்டுபோய் விடுகிற எண்கள். அதற்குக் கீழே பாட்டு, நாலு அடியும்.

ரேவதியைக் கூட்டத்திலிருந்து ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"அந்தப் புள்ளியை நான் எடுத்துட்டேன். எங்க பேராசிரியர்தான் திரும்பப் போட்டுட்டார். இடம் சொல்லாத ஆய்வை யாரும் ஏத்துக்க மாட்டாங்களாம். நான் என்ன பண்ண?"

"உங்க அம்மா மேல சத்தியம் பண்ணினீங்களே மேடம்."

"புரிஞ்சுக்கோங்க ப்ளீஸ். அது ஒரு புள்ளிதானே."

பாவி. அது ஒரு புள்ளிதானே என்றாள். அவளுக்குப் பட்டம் வந்தது, வெளிநாட்டில் வேலை வந்தது என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

அடுத்து வந்த அமாவாசைக்குள் ஊர் பேர் தெரியாத படகுகள் வந்தன. கூலிக்கு முங்குகிற ஆம்பளைகள், கையில் இரும்புக் கரண்டி மாதிரி ஒன்று. இரண்டே நாள். பெண்கள் நீந்திப் போய்ப் பார்த்தபோது வேர்கூட மிஞ்சவில்லை. பாறை மொட்டையாக இருந்தது என்று பிலோமினா அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. ஈரச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து எல்லோரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள்.

"எவடி சொன்னது?"

அந்தப் பெண்களுக்கு அந்தப் புத்தகம் தெரியாது. யாரும் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் அது இங்கிலீஷ். இடம் தெரிந்தவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று நம்பினார்கள். அப்படியென்றால் தங்களில் ஒருத்திதான். புஷ்பத்தின் புருஷன் பாசி வியாபாரியின் படகில் வேலை செய்தான். முதலில் ஒரு கண் அவள் பக்கம் திரும்பியது, அப்புறம் எல்லாக் கண்ணும்.

"மாதா மேல ஆணையா நான் சொல்லல பிலோமி," என்றாள் புஷ்பம்.

பிலோமினா அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் குருசடிப் படியில் நின்றிருந்தேன். என் தோள்பையில் அந்தப் புத்தகம் இருந்தது.

"தம்பி, ஒனக்கு எதுவும் தெரியுமா? அந்தப் படிச்சவுக யாரும் எதுவும் பேசிக்கிட்டாகளா?"

"தெரியாதுக்கா," என்றேன்.

இதைத்தான் இத்தனை நேரமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். ரேவதி எனக்குச் செய்தது துரோகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவள் வேண்டுமென்று ஒருத்தியை மாட்டிவிடவில்லை. நான் மாட்டிவிட்டேன். பையைத் திறந்து அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியிருந்தால் போதும். அன்றைக்கே என்னைச் செருப்பால் அடித்திருப்பார்கள், புஷ்பம் தப்பியிருப்பாள்.

அடுத்த பௌர்ணமிக்குப் புஷ்பம் துணிச் சுற்றோடு கரைக்கு வந்தாள். அவளோடு ஜோடி சேர யாரும் முன்வரவில்லை. பிலோமினா அக்கா வேறொருத்தியோடு இறங்கினாள். புஷ்பம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, விரல் துணியை அவிழ்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அந்த வருஷக் கடைசியில் புயல் வந்தது. மீன்பாடு போய்விட்டது, விட்ட பாரும் இல்லை. பாதிக் குப்பம் திருப்பூருக்கு பஸ் ஏறியது, முதலில் ஏறியது புஷ்பம் குடும்பம். நான் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன்.

போன வாரம் அந்த மூன்று ஆய்வேடுகளையும் கட்டி முடித்துக் கொடுத்த மறுநாள், கடையைப் பூட்டிவிட்டுத் தங்கச்சிமடத்துக்கு பஸ் ஏறினேன். பிலோமினா அக்காவுக்கு முடி முழுக்க வெள்ளை. இப்போது கடலில் இறங்குவதில்லை, மருமகளும் பேத்திகளும் இறங்குகிறார்கள். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "எங்கன போயித் தொலைஞ்ச இத்தன வருசம்?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

"இப்ப எந்தப் பாரக்கா விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எதுக்கு விடணும்? நாம விட்டா எவனோ அள்ளிட்டுப் போறான். அதுக்கு நாமளே அள்ளிட்டுப் போயிரலாம். தவக்காலத்துக்குக் கறி மட்டும் விடுறோம்."

அப்போதுதான் சொன்னேன். பாட்டு, வினாத்தாள், அய்யாவின் வரப்பு, ஞாயிற்றுக்கிழமைப் படகு, சிவப்புப் புள்ளி, ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அவள் மருமகளைக் கூப்பிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள்.

"இங்கன வந்து பாருங்கடி. அந்தப் புஷ்பத்துமேல உள்ள பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். சோறு தின்ன விசுவாசம்."

"நெசமாத்தான்க்கா சொல்றேன். பாட்ட வச்சு நான்தான் கண்டுபிடிச்சேன்."

"பாட்ட வச்சுக் கண்டுபிடிச்சானாம்!" பெண்கள் சிரித்தார்கள். "எங்க வீட்டு ஆம்பளைகளே இருபது வருசமா அந்தப் பாட்டக் கேட்டுட்டு சும்மாத்தான் இருந்தாக. நல்ல மனசு ஒனக்கு. உக்காரு, டீ போடச் சொல்றேன்."

நான் உட்காரவில்லை. புஷ்பத்தின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். பிலோமினா அக்கா மருமகளைப் பார்த்தாள், மருமகள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"எங்க யாருகிட்டயும் இல்ல தம்பி," என்றாள்.